பள்ளி மூடிய காலமும் பிள்ளைகளின் மனச்சுமையும்

(தாராபுரத்தில் ஊராட்சியாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடினால் வாய்க்கால், சாலை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

கொரோனா நோய் பரவியதால் 2020 மார்ச்சில் நம் மாநிலத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடையில் கழிந்தவை 19 மாதங்களுக்கு மேல். மூடும்போது இரண்டாம் வகுப்பில் இருந்த குழந்தை, திறக்கும்போது நான்காம் வகுப்பில் அமர்ந்தது. மூன்றாம் வகுப்பறையை அது கண்டதே இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறிய அக்குழந்தையின் முன் நான்காம் வகுப்புப் புத்தகத்தை வைத்தால் அதன் மனம் என்ன பாடுபடும்?

அக்காலத்தில் வீட்டின் சிரமமும் சிறிதன்று. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வந்தன, கைப்பேசியிலும் வந்தன. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு காட்டுக்கோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விடும். ஆசிரியர்களும் முகம் காணாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கவலையில் உழன்றார்கள்.

எனினும், நாம் மனம் தளர வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அறிஞர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டதென்று கண்டார்கள். அம்மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் விளைந்தது. அவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்களே. பட்டம் தப்பிய விதைப்புக்கு அடுத்த பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இன்று மாலையே தொடங்கலாம்.

நோயாலோ வெள்ளத்தாலோ பள்ளி மீண்டும் மூடப்படும் நாள் வரலாம். அப்போது நாம் செய்ய வேண்டியவை என்ன?

முதலாவது, பெற்றோர் கடமை. பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். காலையில் வயிற்றுவலி என்று அடிக்கடி சொல்வது, உறக்கம் கெடுவது, யாரோடும் பேசாதிருப்பது ஆகியவை மனச்சுமையின் அடையாளங்களாக இருக்கலாம். சோம்பல் என்று அதட்டாமல் அருகமர்த்திக் கேளுங்கள். எழுத்தறியாத தாயும், “இன்று படித்ததைச் சொல், கண்ணு” என்று கேட்கலாம். வெங்காய மூட்டையின் எடையையும் விலையையும் பிள்ளையே கணக்கிடட்டும். அதுவும் பாடமே.

இரண்டாவது, ஆசிரியர் கடமை. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே பாடம் தொடங்க வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்ததும் இக்கருத்தினாலேயே. ஆசிரியரும் மனிதரே. குறை இருப்பின் ஊரார் முன் இகழாமல், பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்துக் கூறுங்கள்.

மூன்றாவது, ஊராட்சியின் கடமை. மாலையில் பிள்ளைகள் படிக்கச் சமுதாயக் கூடத்தைத் திறந்து விளக்குப் போட்டுக் கொடுங்கள். பள்ளிக்கு வராமல் நின்ற பிள்ளைகளின் பெயர்களை வீதிவாரியாக எழுதி, தலைமையாசிரியருடன் அவ்வீடுகளுக்குச் செல்லுங்கள். வேலைக்குப் போன பையனையும், திருமணப் பேச்சு எழுந்துள்ள பெண்ணையும் மறவாதீர்கள். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது சட்டவிரோதம். 1098 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் குழந்தைகளுக்கு உதவி கிடைக்கும். மனக்கலக்கம் மிகுந்தோர் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இவற்றுள் பலவற்றுக்கு அரசாங்க மானியத்தை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. வீதிக்கு ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். உடைந்த மடையைச் சேர்ந்து கட்டத் தெரிந்த நமக்கு இதுவும் கைகூடும். இக்கூட்டம் கலையுமுன் ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒருவர் முன்வந்து பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.