ஊருக்குத் திரும்புவது தோல்வியா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



பள்ளித் தேர்வுகள் முடிந்து ஏப்ரல், மே வந்துவிட்டால் சென்னைத் தெருக்களில் வீட்டுச் சாமான்கள் ஏற்றிய வண்டிகளைப் பார்க்கிறோம். வாடகை கூடியதால் இரண்டு தெரு தள்ளிப் போகிறவர்கள் உண்டு. தாம்பரத்தையும் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. ‘பேசாமல் ஊருக்கே போய்விடலாமா?’ என்று, பிள்ளைகள் தூங்கிய பிறகு தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிற கணவன் மனைவியரும் உண்டு. இன்று அவர்களோடுதான் சற்றுப் பேச விரும்புகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வாடகை மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருந்தால் 2,00,000 ரூபாய் வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கும். அதே அளவு வீடு பாளையங்கோட்டையில் 9,000 ரூபாய்க்குக் கிடைக்குமானால், மாதம் 11,000 ரூபாய், ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் மிச்சம். இப்படிப் பார்த்தால் இன்றைக்கே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அங்கே கிடைக்கிற வேலையில் சம்பளம் 12,000 ரூபாய் குறைந்தால்? மிச்சம் போய், மாதம் 1,000 ரூபாய் துண்டு விழும். இங்கே ஒரு வேலையில் இருக்கிற மனைவிக்கு அங்கே வேலையே அமையாவிட்டால்? ஆகவே, வாடகையை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க இயலாது.

சில வீடுகளில் கணக்கெல்லாம் சரியாகவே வரும். காலைப் பிடித்து இழுப்பது வெட்கம். ‘மெட்ராசுக்குப் போனவன் ஏன் திரும்பி வந்துவிட்டான்?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே என்ற அச்சம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் கடனில் காலம் தள்ளுகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள்.

விவிலியத்தில் ரூத்து நூலை எடுத்துப் பாருங்கள். பஞ்சம் பிழைக்க நகோமியின் குடும்பம் பெத்லகேமைவிட்டு மோவாபு நாட்டுக்குப் போகிறது. அங்கே கணவர் இறக்கிறார். இரண்டு மகன்களும் இறக்கிறார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப் பின் நகோமி ஊர் திரும்பும்போது ஊரே பரபரப்படைகிறது. ‘இவள் நகோமிதானா?’ என்று பெண்கள் கேட்கிறார்கள். நிறைவாகப் போன நான் வெறுமையாகத் திரும்பியிருக்கிறேன் என்ற பொருளில் அவர் மனம் கசந்து பேசுகிறார். ஆனால் அவர் அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்? உம்மைவிட்டுப் போகமாட்டேன் என்று கூடவே வந்த மருமகள் ரூத்து நிற்கிறார்! வெறுமையில் இருந்தவரின் கண்ணுக்கு, தன்னோடு வந்த செல்வம் தெரியவில்லை. அந்த ரூத்தின் வழிமரபில்தான் தாவீது அரசர் பிறந்தார். ஊர் திரும்புகிறவர்களே, உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஊர் கேட்கட்டும். உங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று நீங்கள் பாருங்கள்.

சரி, எப்படித்தான் முடிவெடுப்பது? தெளிந்து தேர்தல் என்று திருஅவை சொல்கிற வழி ஒன்று உண்டு. புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதை விளக்குகிறார். அவர் தரும் அறிவுரைகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதீர்கள். மேலதிகாரி திட்டிய அன்றோ, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டிய அன்றோ வேலையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அமைதி திரும்பட்டும். அதன் பிறகும் அந்த எண்ணம் நிலைத்து நின்றால், அது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது, மனம் தராசின் முள்போல நடுவில் நிற்கட்டும். முடிவை முன்னரே எடுத்துவிட்டு, அதற்கு ஆசீர்வாதம் மட்டும் கேட்டு ஆண்டவரிடம் போகாதீர்கள். போவதில் உள்ள நன்மை, போவதில் உள்ள இழப்பு, இருப்பதில் உள்ள நன்மை, இருப்பதில் உள்ள இழப்பு என்று நான்கையும் எழுதுங்கள். கணவரும் மனைவியும் தனித்தனியே எழுதிவிட்டு, பிறகு சேர்ந்து படியுங்கள். பல வீடுகளில் ஊர் மாறுவதை ஆண் அறிவிக்கிறார், பெண் பாத்திரங்களைக் கட்டுகிறார். அது தெளிந்து தேர்தல் ஆகாது. பத்தாம் வகுப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்புக்கோ போகிற பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள். ஊரில் தனியாக இருக்கும் வயதான பெற்றோரையும் அந்தத் தாளில் சேருங்கள். அவர்களை மருத்துவமனைக்கு யார் கூட்டிச் செல்வது என்பதற்கு எந்த வாடகைக் கணக்கிலும் இடமில்லை.

மூன்றாவது, முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் உங்களிடம் வந்தால் என்ன ஆலோசனை சொல்வீர்கள்? அதையே நீங்களும் செய்யுங்கள். மற்றவருக்குச் சொல்லும்போது நமக்கு வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. அதனால் வழி தெளிவாகத் தெரிகிறது.

புனித யோசேப்பும் இப்படி ஒரு முடிவெடுத்தவர்தான். எகிப்திலிருந்து திரும்பும்போது, யூதேயாவில் ஏரோதின் மகன் அர்க்கெலா ஆட்சி செய்வதைக் கேள்விப்பட்டு அங்கே போக அஞ்சினார் என்று மத்தேயு எழுதுகிறார். கனவில் எச்சரிக்கப்பட்டு, கலிலேயாவுக்குப் போய் நாசரேத்தில் குடியேறினார். பழைய ஏற்பாட்டில் பெயர்கூட வராத சிற்றூர் அது. அந்த ஊரில்தான் இயேசு வளர்ந்தார், தொழில் கற்றார். குழந்தையும் தாயும் பாதுகாப்பாக வாழும் இடம் எது என்பதே யோசேப்பு பார்த்த கணக்கு.

போவதென்று முடிவானால், வேலையை உறுதி செய்துகொண்டு போங்கள். வருங்கால வைப்புநிதியை எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். பள்ளியில் இடம் உறுதியான பிறகு மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். போனவுடன் புதிய பங்குத்தந்தையைச் சந்தித்து, அங்குள்ள அன்பியத்தில் சேருங்கள். இருப்பதென்று முடிவானால், அதுவும் பேராசை அல்ல. மனநிறைவோடு இருங்கள், தினமும் புலம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

ஊரில் இருக்கும் இறைமக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. திரும்பி வருகிறவர்களிடம் ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள். ‘சாப்பிட்டீர்களா? பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்ததா?’ என்று கேளுங்கள். நகோமிக்கும் ரூத்துக்கும் பெத்லகேமில் சோறு கிடைத்தது போவாசின் வயலில். வந்தவர்களுக்காகக் கதிர்களை விட்டுவைக்க அவர் தம் ஆள்களுக்குச் சொல்லியிருந்தார்.

இந்த வாரம் தூக்கமின்றி யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தூய ஆவியார் தெளிவைத் தருவாராக. போகும் வழியிலும் தங்கும் இடத்திலும் இறைவன் உங்களோடு இருப்பாராக. ஆமென்.