துணி மாற்றும் நேரம்

பாலும் சுத்தமும் குறைவில்லாத காப்பகங்களிலும், நெருங்கிப் பழக ஆளில்லாமல் பச்சிளங்குழந்தைகள் சுணங்கிப்போவதை உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் 1945-இல் எழுதினார். மறு ஆண்டே புடாபெஸ்ட் நகரில், லோட்சி தெருவில், குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அங்கே ஒரு குழந்தையை அதே சிலர்தான் தொடர்ந்து கவனித்தார்கள். சட்டை மாட்டும்போது, "இப்போ கையை நுழைக்கப் போறோம்" என்று சொல்லி, அதுவாகக் கை நீட்டும்வரை காத்திருந்தார்கள்.

பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆயா இருக்கும் நம் பகல்நேரக் காப்பகங்களில் இதற்கு நேரமேது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் துணியை எப்படியும் மாற்றத்தானே வேண்டும்? பேசிக்கொண்டே மாற்றினால் ஓரிரு நிமிடம் கூடும், அவ்வளவுதான். ஆயாக்கள் அடிக்கடி மாறுவதுதான் பெரிய சிக்கல். காப்பகத்தில் சேர்க்கும்போது கேமரா இருக்கிறதா என்று கேட்கிறோம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார், எத்தனை காலமாக அங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள்.