முற்றத்துப் பறவைகளும் சியாத்வாதமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



பறவைகள் ஐம்பொறி உயிர்கள் என்பதை நம் இல்லத்துச் சிறுவர் அறிவர். அவற்றுக்குத் தானியம் இறைப்பதையும் நாம் தவறாது செய்து வருகிறோம். ஆயினும் மொட்டைமாடியில் இறைத்த தானியத்தை நாடிப் பெரும்பாலும் மாடப்புறாக்களே வருகின்றன. பூச்சியுண்ணும் கரிச்சானுக்கும், பூவில் தேனருந்தும் தேன்சிட்டுக்கும் அதனால் பயனில்லை. அவை நம் தெருவில் இருக்கின்றனவா என்பதையே நம்மில் பலர் அறியோம். பேணப் புகுமுன் அறிதல் வேண்டாவா?

அதற்கு வழி எளிது. திண்ணையிலோ மாடியிலோ குழந்தையுடன் 15 நிமிடம் அமர்ந்து, கண்ணுக்கும் செவிக்கும் புலனாகி இனம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் இன்னது இத்தனை என்று குறித்தால் போதும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தார் நடத்தும் 'இ-பேர்டு' தளத்தில் எவரும் அதனைப் பதியலாம். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பும் நிகழ்ந்து வருகிறது. இத்தகைய பொதுமக்கள் பதிவுகளைக் கொண்டே, 2023இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு முதன்மைக் கவனம் வேண்டும் என்றது.

இதில் கடினமானது, காணாததை எழுதாதிருத்தலே. வகுப்பில் சிறுமி ஒருத்தி 'சிட்டுக்குருவி 2' என்று எழுதியிருந்தாள். "நீ கண்டாயா, அம்மா?" என்றேன். "பாட்டி தினமும் பார்ப்பாங்களாம், ஐயா" என்றாள். பாட்டியின் சொல் பொய்யன்று. ஆனால் அது அன்றைய காட்சியன்று. சிறுமி சற்றே வாடினாள். பிறகு தானே அவ்வரியை அடித்தாள்.

அவ்வாறு விடுபடுவது வீணன்று. கண்ட அனைத்தையும் எழுதிய முழுப்பட்டியல்கள் பல்லாயிரம் சேரும்போது, அவற்றுள் எத்தனையில் குருவி இடம்பெறவில்லை என்பதும் ஆய்வோர்க்குச் சான்றாகிறது. அதற்காகக் 'குருவியே அழிந்தது' என முழங்குதலும் தகாது. இவ்விடத்தில், இவ்வேளையில் காணப்படவில்லை, அவ்வளவே. இடமும் காலமும் நோக்கி உண்மையை உரைக்கும் இம்முறையன்றோ 'சியாத் நாஸ்தி' என்பது? ஏழு பங்கங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைவிட இது சிறார்க்கு எளிதில் விளங்குகிறது.

குயிலிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. ஆண்குயிலே கருநிறம், பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகள் கொண்டது. பெரியவர்களும் அதனை வேறொரு பறவை என்பர். ஐயம் தீராவிடில் 'பெயர் அறியாப் பறவை' என்றே எழுதுக. கூட்டை எட்டிப் பார்த்தலும், படமெடுக்க நெருங்குதலும் கூடா.

வரும் ஞாயிறு வகுப்புக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு பட்டியலுடன் வருக. காகம் மட்டுமே வந்திருப்பின், அதை மட்டுமே எழுதி வருக.