கேட்பதில் கூச்சம் வேண்டாம்

(நமது ஜமாஅத் சார்பில் இளம் மருத்துவர்களுக்கு நடைபெற்ற பாராட்டு விழாவில் மூத்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. பனியனுக்குப் பெயர் பெற்ற நம் ஊர், இன்று மருத்துவர்களையும் உருவாக்குகிறது. எல்லாப் புகழும் இறைவனுக்கே. மருத்துவமனைப் பயிற்சியில் அடியெடுத்து வைக்கும் உங்களுக்கு நான் கூற விழைவது ஒன்றே: கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஓர் இரவு மேல்வயிற்று வலியுடன் முதியவர் ஒருவர் வந்தார். வாய்வுத் தொல்லை என்றெண்ணி மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். உள்ளத்தில் ஐயம் இருந்தது. ஆயினும் உறங்கிக்கொண்டிருந்த மூத்த மருத்துவரை எழுப்ப அஞ்சினேன். விடிந்தபின்னரே அது மாரடைப்பு எனத் தெரிந்தது. அவர் உயிர் பிழைத்தார். அது அல்லாஹ்வின் அருளேயன்றி என் திறமையன்று.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரைய், பக்தாத் நகரங்களின் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அறிஞர் அர்ராஸியின் வழக்கத்தை இப்னு அந்நதீம் பதிவு செய்துள்ளார். நோயாளியை முதலில் இளைய மாணவர்கள் விசாரிப்பர். அவர்களுக்கு விளங்காவிடில் மூத்த மாணவர்களிடம் செல்லும். அவர்களுக்கும் விளங்காவிடில் அர்ராஸியே பேசுவார். அங்கே 'தெரியவில்லை' என்பது இழிவன்று. சிகிச்சையின் ஒரு படி.

மூத்தவரிடம் கேட்பது போலவே நோயாளியிடமும் கேளுங்கள். "உமது தொழில் என்ன?" என்ற வினாவையும் மருத்துவர் கேட்க வேண்டும் என 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி எழுதினார். நம் வட்டாரத்திற்கு இது மிகப் பொருந்தும். நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசிப்போருக்கு வரும் பிஸினோசிஸ் என்னும் நோயில், வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். தொழிலையும் நாளையும் கேட்காதவர் அதனைச் சாதாரண இளைப்பு என்று அனுப்பிவிடக்கூடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளிக்குத் தமிழ் வராவிடில், மொழி அறிந்த ஒருவரை அழைத்தேனும் கேளுங்கள்.

ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். கேட்காமல் விட்டதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம்.

உங்கள் கரங்களால் நோயுற்றோர் நலம்பெற வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.