கடைவாய்ப் பல்லும் சர்க்கரை நோட்டும்

சொத்தைப் பல் ஆளைக் கொல்லுமா என்றால், கொல்லும். 1836-ஆம் ஆண்டு ஜெர்மனியில் லுட்விக் என்ற மருத்துவர் அப்படிக் கொல்லும் ஒரு தொற்றை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் அதை லுட்விக் ஆஞ்சைனா என்கிறார்கள். கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள், நாக்குக்கு அடித்தளமான தசை எலும்பில் ஒட்டும் இடத்தையும் தாண்டிக் கீழே இறங்கியிருக்கின்றன. அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடைந்து வெளியேறாமல், தாடைக்கு அடியில் புகுந்து இரண்டு பக்கமும் பரவுகிறது. தாடையின் அடிப்பகுதி கல்லாக இறுகும். நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்படும். எச்சிலைக்கூட விழுங்க முடியாது, குரல் மாறும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த மூச்சடைப்புதான். அதில் தப்பினாலும், கழுத்தின் ஆழத்து இடைவெளிகள் வழியே சீழ் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிவிடலாம்.

இதை மேடை போட்டுப் பேசக் காரணம் சர்க்கரை. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 20 வயது நிரம்பியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் அது 14.4. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, கிருமியோடு போராடும் வெள்ளணுக்களைத் தளர்த்துகிறது. தொற்று வந்தால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கிறது. 2021-இல் கருப்புப் பூஞ்சை மூக்கிலும் மேல்தாடையிலும் புகுந்து கண்ணைப் பறித்தபோதும் பெரும்பாலும் சிக்கியவர்கள் சர்க்கரை உள்ளவர்களே. ஆகவே என் வாதம் இதுதான்: சர்க்கரையைப் பார்க்கும் இடத்திலேயே பல்லையும் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் நம் வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. அந்த வாசலிலேயே ‘பல்லில் வலி உண்டா, தாடை வீங்கியிருக்கிறதா’ என்று கேட்டு, சர்க்கரை நோட்டில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

அபூர்வமாக வரும் நோய்க்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் லுட்விக் ஆஞ்சைனா கண்டவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இன்று நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு என்பது உண்மை. ஆனால் அது காலத்தோடு பெரிய மருத்துவமனையைச் சேர்ந்து, மூச்சுக்குழாய்க்கு வழிசெய்து, சீழை வெளியேற்றிக்கொண்டவர்களின் கணக்கு. வலி நின்றால் சரியாகிவிட்டது என்பது அடுத்த வாதம். இதுதான் மிக ஆபத்தானது. பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். கிருமி அப்போதுதான் வேர்நுனி தாண்டி எலும்புக்குள் நடக்கத் தொடங்கும். மெடிக்கலில் வாங்கும் ஒரு செட் மாத்திரை வலியையும் காய்ச்சலையும் மறைக்கும். ரத்த ஓட்டம் நின்றுபோன பல்லுக்குள் மருந்து போய்ச் சேராது. பல்லைப் பிடுங்க வேண்டும், அல்லது வேர் சிகிச்சை செய்ய வேண்டும். பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்ற பயமும் நம் வீடுகளில் இருக்கிறது. பல்லின் உணர்வு நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பார்வை போகாது.

ஒரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன்: ஒரு நாள் கூலி போய்விடும் என்பது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவை நூற்பாலையிலும் அந்த ஒரு நாள் என்பது வீட்டு அரிசி. அதனால் இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலாளிக்கு மருத்துவம் தரும் இ.எஸ்.ஐ. திட்டம் தமிழ்நாட்டில் 1955-இல் முதலில் வந்ததே இந்தக் கோவையில்தான். சிங்காநல்லூரில் அதற்கு மருத்துவமனை நிற்கிறது. கன்னம் வீங்கி வரும் ஆளை அன்றைக்கே அனுப்பிவைக்கும் பொறுப்பு சூப்பர்வைசருக்கும் முதலாளிக்கும் உண்டு. இந்த ஊரின் செல்வம் தொழிலாளர்களின் உழைப்பில் வந்தது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தாடைக்குக் கீழே வீக்கம் இறுகி, வாயில் இரண்டு விரல்கூட நுழையாமல், எச்சில் வழிகிறது என்றால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு விடியக் காத்திருக்காதீர்கள். படுக்க வைக்காமல் உட்கார வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.