குடலில் குடியிருக்கும் கிருமிகளும் எங்கள் பிள்ளைகளும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வன்னியில் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து என்றால் முதலில் பூச்சி மருந்து. சரிவராவிட்டால் நாவூறு கழிப்பு. நான் அதைக் குறைசொல்ல வரவில்லை. பெரும்பாலான வயிற்றோட்டம் தொற்றினால் வருவது. சில நாளில் மாறிவிடும். மாறாத வயிற்றைப் பற்றித்தான் பேச வந்தேன். வாரக்கணக்கில் வயிற்றோட்டம், மலத்தோடு இரத்தம், நித்திரையால் எழுப்பும் நோ, எல்லாவற்றுக்கும் மேலாக வளராமல் நிற்கும் பிள்ளை. குறோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் இப்படித்தான் வரும். குறோன் நோயில் சிலவேளை வயிற்றோட்டமே இராது, வளர்ச்சி மட்டும் நின்றுவிடும். "சாப்பாட்டுக் கள்ளி" என்று நாங்கள் ஏசிக்கொண்டிருப்போம்.

குடலில் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்கள் எங்கள் பகைவர் அல்ல. நார்ப்பொருளை உடைத்துக் குடற்சுவருக்கே உணவு கொடுப்பவை அவை. அவற்றுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சளிப்படை, அதன் கீழே ஒரேயொரு கல வரிசை. சளியில் உள்ள ஐஜீஏ என்ற பிறபொருளெதிரி பற்றீரியாக்களில் ஒட்டி, அவற்றைச் சுவரை அண்டவிடாமல் வைத்திருக்கிறது. முதற்பாலில் நிறைந்திருப்பதும் இதுதான். அயலவரோடு வேலி போட்டுச் சமாதானமாக இருப்பது போல.

இந்த நோய்களில் வேலி பழுதாகிறது. பற்றீரியா சுவரைத் தொட, நிர்ப்பீடனம் எழும்புகிறது. எழும்புவது பிழையல்ல, அடங்காமல் விடுவதுதான் பிழை. இன்ரலூக்கின் 10 என்ற அடக்கும் புரதம் இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி வருவதை 1993 இல் கண்டார்கள். அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூட்டில் வளர்த்தபோது அழற்சி வரவில்லை. 2009 இல், அந்தப் புரதத்தின் சமிக்ஞையை உணர முடியாத பரம்பரைக் குறையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒரு பிள்ளை குருத்துக்கல மாற்றீட்டால் தேறியது.

வெளிநாட்டில் இருக்கும் தங்கைமார் இதைக் கவனியுங்கள். கனடாவின் பிரித்தானிய கொலம்பியாவில் தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இந்நோய் ஏனைய பிள்ளைகளை விடக் கூடுதலாகக் காணப்பட்டது என்று 2007 இல் ஓர் ஆய்வு வெளியானது. "எங்கட ஆக்களுக்கு இது வராது" என்று வைத்தியரிடம் வாதாடாதீர்கள்.

இங்கே வேறொரு சிக்கல். குடலில் வரும் சயரோகம் பார்வைக்குக் குறோன் நோய் போலவே இருக்கும். பிரித்தறியாமல் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைத் தொடங்கினால் சயரோகம் உடலெங்கும் பரவலாம். ஆகவே உள்நோக்கிக் குழாயால் பார்த்து இழையத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்காக முல்லைத்தீவுத் தாய் யாழ்ப்பாணமோ கொழும்போ போக நேரலாம். பஸ் காசு ஒருபுறம், நாட்கூலி இழப்பு மறுபுறம். இரண்டாம் தவணைக்கு வராமல் நிற்பது அலட்சியத்தால் அல்ல. சங்கத்தின் நிதியில் ஒரு சிறு பங்கு இந்தப் பயணச் செலவுக்கு ஒதுக்கப்படுமா என்று தலைவி அவர்களிடம் இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

வைத்தியம் உண்டு. குறோன் நோயுள்ள பல பிள்ளைகளுக்கு முதல் வைத்தியம் மாத்திரையே அல்ல: ஆறு தொடக்கம் எட்டு வாரம் சோறு கறி எதுவுமின்றி விசேட திரவ உணவு மட்டும். அழற்சி தணியும், பிள்ளையும் வளரத் தொடங்கும். அம்மம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம்.

வைத்தியரிடம் வரும்போது பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள், பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானாலும். வளர்ச்சிக் கோடு எந்த மாதத்தில் சாயத் தொடங்கியது என்பதை அதில்தான் நாங்கள் முதலில் தேடுவோம்.