முதல் பெண்ணுக்குப் பின்னால்



இந்தப் பட்டமளிப்பு விழாவில் கல்வியில் பெண்களின் தலைமை பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். பெண்கள் எல்லாத் துறையிலும் சாதித்துவிட்டார்கள் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு இறங்குவது சுலபம். எனக்கு அதற்கு மனம் வரவில்லை. பெண்கள் படிக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள். பள்ளியையும் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் எப்படி நடத்துவது என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

புதுக்கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் இடம் கேட்டார். பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். பையன்கள் கண்ணில் படாதபடி திரை மறைவில் உட்கார்ந்து படித்த அந்தப் பெண்தான் முத்துலட்சுமி. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக அமர்ந்தார்.

முதல் பெண் மருத்துவர் யார், முதல் பெண் பட்டதாரி யார் என்று பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். போட்டித் தேர்வுக்கு அது போதும். அந்த அம்மையார்கள்மீது எனக்குள்ள மதிப்பு வேறு காரணத்தால் வந்தது. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்குச் சென்னையில் இருந்த விடுதிகள் இடம் தர மறுத்தபோது, முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். 1930-களின் தொடக்கத்தில் அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. பள்ளி வந்தது, ஆசிரியப் பயிற்சி வந்தது. தான் முதலாவதாக நுழைந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. இரண்டாவதாக, பத்தாவதாக, நூறாவதாக வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள், யார் சோறு போடுவார்கள் என்று யோசித்தார். தலைமை என்று நான் சொல்வது இந்த யோசனையைத்தான்.

அவர் பிறந்த அதே 1886-ல் பிறந்த இன்னொருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சகோதரி சுப்புலட்சுமி. பதினொரு வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். சிறிது காலத்திலேயே கணவன் இறந்துபோனான். வழக்கப்படி மூலையில் உட்கார வைத்திருக்க வேண்டிய பெண்ணை அவருடைய அப்பா படிக்க வைத்தார். அந்த வீட்டில் ஒரு சித்தி இருந்தார், அவரும் கைம்பெண்தான். வீட்டுப் பொறுப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் பெண்ணைப் புத்தகத்தின் முன் உட்கார வைத்தவர் அவர். சித்தியின் பெயர் எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் வராது. ஆனாலும் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பலருக்கு அப்படி ஒரு சித்தியோ அத்தையோ பாட்டியோ இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1911-ல் சுப்புலட்சுமி பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அப்போது மாகாணத்தில் ஒரு விசித்திரமான முடிச்சு இருந்தது. ஆண் வாத்தியார் பாடம் நடத்தினால் வயது வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயாராக இல்லை. பெண் ஆசிரியர்களோ கிடைப்பதில்லை, ஏனென்றால் பெண்கள் படிப்பதில்லை. பெண்கல்வியை மேற்பார்வை பார்த்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அதிகாரிக்கு இந்தக் கவலை இருந்தது. சுப்புலட்சுமி அதற்கு விடை கண்டார். சமூகம் வேண்டாம் என்று ஒதுக்கிய சிறுவயது விதவைகளைப் படிக்க வைத்து ஆசிரியர்களாக்குவது. 1912-ல் எழும்பூரில் நான்கு சிறுமிகளோடு விடுதி தொடங்கியது. சில ஆண்டுகளில் அது கடற்கரையோரம் ஐஸ் ஹவுசுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்கக் கட்டிய கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோம். 1922-ல் அதன் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் முதல்வராக முதலில் இருந்தவர் சுப்புலட்சுமிதான். அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் ஊர் ஊராக ஆசிரியர் வேலைக்குப் போனார்கள். அவர்களிடம் படித்த பெண்கள் அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் ஆனார்கள். முடிச்சு அவிழ்ந்தது.

இதில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்காகத் தொடங்கியது. பக்கத்துக் குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளி நடத்தினார் என்பது உண்மை. ஆனால் விடுதியின் வாசல் ஒரு சாதிக்குத்தான் திறந்தது. எல்லாப் பெண்களுக்கும் திறக்கிற வாசலுக்கு வேறு போராட்டம் தேவைப்பட்டது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை கேட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை பெண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் கேட்டது. வேறு வழியிலும் வாசல் திறந்தது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை 1947-ல் உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரனும் இளம் வயதில் கணவனை இழந்து, பிறகு டெல்லி போய் மருத்துவம் படித்தவர். தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் கல்லூரிப் படிப்பை முடிக்கத் துணை நின்றவர்களில் அவர் ஒருவர். அந்தக் கிருஷ்ணம்மாள்தான் பின்னாளில் கீழத்தஞ்சையில் நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலத்தை எழுதி வைத்தார். ஒரு பெண்ணின் படிப்புக்குக் கைகொடுத்தது எங்கே போய் முடிந்தது, பாருங்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2021–22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி படிப்பவர்கள் சுமார் 4 கோடியே 33 லட்சம் பேர். அதில் பெண்கள் 2 கோடியே 7 லட்சம். உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் பெண்கள் ஆண்களைச் சற்றே தாண்டிவிட்டார்கள். கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களில் பெண்கள் 43 சதவீதம். வகுப்பறை வரை வந்துவிட்டோம்.

அதற்கு மேலே போகப் போகப் படிக்கட்டு காலியாகிறது. இருபாலரும் படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 1949-லேயே ஒரு பெண் துணைவேந்தரானார். பரோடாவில் ஹன்சா மேத்தா. வழி திறந்துவிட்டது என்று அன்று நினைத்திருப்பார்கள். ஆனால் 1969-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தர் கிடைத்தது 2022-ல். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் வருத்தம் தருவது. 1920-ல் அதன் முதல் வேந்தராக இருந்தவரே ஒரு பெண், போபால் அரசி சுல்தான் ஜகான் பேகம். அங்கே ஒரு பெண் துணைவேந்தராக 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் ஐஐடி 1951-ல் கரக்பூரில் வந்தது. ஒரு ஐஐடி வளாகத்துக்குப் பெண் இயக்குநர் வந்தது 2023-ல், சென்னை ஐஐடியின் சான்சிபார் வளாகத்தில். காலம் போனால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கே பதில். தானாக எதுவும் சரியாவதில்லை.

ஏன் இப்படி? திறமை போதாது என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அவங்களே வேண்டாம்னுட்டாங்க" என்கிறார்கள். நம் பள்ளிக்கல்வித் துறையில் பதவி உயர்வு துறப்பு என்று ஒன்று உண்டு. தலைமை ஆசிரியர் பதவி வருகிறது. கலந்தாய்வில் கிடைக்கும் இடம் வேறு ஒன்றியத்திலோ வேறு மாவட்டத்திலோ இருக்கிறது. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, பையன் பத்தாம் வகுப்பு, கணவர் இங்கே வேலையில் இருக்கிறார். எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற ஆசிரியைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். அந்தக் கையெழுத்தை அவர் விருப்பம் என்று கோப்பு சொல்லும். அவருடைய வீடு போட்ட கையெழுத்து அது என்று நான் சொல்வேன்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை நிமிடக் கணக்கில் காட்டுகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள்; அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் பெரும்பாலோர் அதைச் செய்வதே இல்லை. தினமும் ஐந்து மணி நேரம் அடுப்படியில் நிற்பவரிடம் மாலை ஐந்தரைக்குத் துறைக் கூட்டம் என்று சுற்றறிக்கை அனுப்பினால் அவர் எப்படி வருவார்? வராதவருக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறோம்.

கல்லூரிக்குள்ளும் பாருங்கள். விழா என்றால் வரவேற்புக் குழு, கலை நிகழ்ச்சிக் குழு, விருந்தோம்பல் குழு பெண்களுக்கு. நிதிக்குழு, கட்டடக் குழு, கொள்முதல் குழு ஆண்களுக்கு. பத்து ஆண்டு கழித்து முதல்வரைத் தேடும்போது, நிர்வாக அனுபவம் உள்ளவர் யார் என்று கேட்பார்கள். அனுபவம் எங்கே கொடுத்தோம்?

ஆகவே தங்கைகளே, நீங்கள் ஆசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ அலுவலராகவோ போகிற இடத்தில் நிதிக்குழுவைக் கேட்டு வாங்குங்கள். வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அரசாணையை நீங்களே எடுத்துப் படியுங்கள், யாரோ சொன்னதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். முனைவர் பட்டம் படிக்கும் பெண்ணுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-லேயே விதி செய்திருக்கிறது. அது தெரியாமலே ஆய்வைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு ஒரு பெண்தான் தலைமை வகிக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பொறுப்பு வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். ஒரு மாணவி படிப்பைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பது சில நேரம் அந்த அறையில்தான் முடிவாகிறது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, உங்களுக்கு அடுத்து வரவேண்டியவர்களுக்கு எது தடையாக இருக்கிறது என்று பாருங்கள். விடுதி இல்லையா, மாலை வகுப்பு முடிந்தபின் பேருந்து இல்லையா, கைக்குழந்தையை விட்டு வர இடமில்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறிய விஷயம் என்று சிலர் சொல்வார்கள். சுப்புலட்சுமி தொடங்கியதும் ஒரு விடுதியைத்தான்.

தம்பிகளே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, கைதட்டுவதோடு முடியாது. நாளை உங்கள் மனைவிக்குப் பதவி உயர்வு வந்து ஊர் மாற வேண்டியிருந்தால், மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியது நீங்கள். அதற்கு நாளை வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வையுங்கள். அக்காவையோ அம்மாவையோ கூப்பிடாதீர்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் நம் மாநிலத்தில் ஒரு திட்டம் இருந்தது. ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு நிதியும் தாலிக்குத் தங்கமும் தந்த திட்டம். 2022-ல் அதே அம்மையார் பெயரில் அதை உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. புதுமைப் பெண் என்று உங்களுக்குத் தெரியும். இந்த அரங்கில் பலர் அதை வாங்கிப் படித்தவர்கள். கல்யாணத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் படிப்புக்குத் திருப்ப ஓர் அரசால் முடிந்தது. ஒரு குடும்பத்தாலும் முடியும். உங்கள் மகள் மேலே படிக்க வேண்டும், வெளியூரில் வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டால், நல்ல வரன் வந்திருக்கிறது என்று வாயை அடைத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டு பொறுங்கள். வரன் வரும்.

பட்டம் பெறும் உங்கள் அனைவரையும் மனமார வாழ்த்துகிறேன். உங்கள் தெருவில், உங்கள் ஊரில், பள்ளிப் படிப்போடு நின்றுபோன ஒரு பெண் நிச்சயம் இருப்பாள். இந்த மாதத்துக்குள் அவள் வீட்டுக்குப் போங்கள், அவளுடைய அப்பா அம்மாவிடம் பேசுங்கள், விண்ணப்பப் படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.